ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கு ஒரு பிராசசர்

இப்போதெல்லாம் எவனும் ஒரு சாமானைத் தட்டிப் பார்த்து வாங்குவது கிடையாது. கத்திரிக்காயைக்கூட பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருக்கிறான். அதையும் போனில் படம் பார்த்து வாங்குகிறான். உள்ளே புழு இருந்தால் என்னடா செய்வாய் என்று கேட்டால், நாலு ஸ்டார் போட்டிருக்காங்க தாத்தா என்கிறான். அந்த ஸ்டாரைப் போட்டவன் யார், எந்த ஊர், அவன் அப்பன் பேர் என்ன, ஒன்றும் தெரியாது. விற்கிறவன் மூடி வைத்து விற்கிறான், வாங்குகிறவன் மூடினபடியே தூக்கிக்கொண்டு போகிறான். பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சுவரில் எழுதி வேறு ஒட்டியிருக்கிறான். நல்ல சாமான் என்றால் பிரிக்கிறதுக்கு எதற்கடா பயம்?

சாமிதுரை இதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. ஜங்ஷன் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டு வாய்விட்டே சொன்னார். கடையில் இருந்தது கடைக்காரன் ஹஸ்ஸான் ஒருத்தன்தான். ஆனாலும் கீழே ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கட்டும் என்கிற சத்தத்தில் சொன்னார்.

ஹஸ்ஸான் மங்கலம்பேட்டைக்காரன். அண்ணன் தம்பிகள் எல்லாம் சவுதி, துபாய் என்று போய்விட, இவன் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ பெருசுகளைப் பார்த்தவன், கோபப்படவில்லை.

"கோச்சிக்காதீங்க பெரியவரே. மொதல்ல என்ன வேணும்னு முடிவு பண்ணலாம். பிராசசர் எதுன்னு முடிவாயிட்டா மத்ததெல்லாம் அது பின்னாடி வந்துடும். கேமு வெளாடவா, சும்மா படம் பாக்கவா?"

"பஸ்ஸு ஓட்ட."

ஹஸ்ஸான் சிரித்தான். "யாரு, நீங்களா?"

"எம் மவன்."

"என்ன படிக்கிறாரு?"

"படிக்கிறானா! தல நரைக்கிற வயசு. பீங்கான் கம்பெனில கல்லு அரைக்கிற செக்சன்ல இருந்தான். நெஞ்சு பூரா மண்ணு. கட்டில்லேர்ந்து கக்கூசுக்குப் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல உக்காரணும். அவன் பஸ்ஸு ஓட்டணுங்கறான். பொட்டிக்குள்ள. சிரிக்கிறதுன்னா இன்னும் கொஞ்சம் சிரிச்சிக்க."

ஹஸ்ஸான் சிரிக்கவில்லை. எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். சாமிதுரை உட்காரவில்லை. கடைக்காரன் நாற்காலி போட்டால் விலையில் ஏற்றுவான் என்பது அவர் எண்ணம்.

மகன் பேர் செந்தமிழன். மீசை முளைத்த புதிதில் ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ்ஸில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு திரிந்தான். டிரைவர் சாப்பிடப் போகிற நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து பார்ப்பான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலேயே, அத்தனை ஜனம் பார்க்க, சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தார் சாமிதுரை. "உனக்கு ஒண்ணும் தெரியாது, வாடா" என்றார். பஸ்காரன் பொழப்பு வெயில், மழை, குடி. கம்பெனி என்றால் நிழல். அவர் வேலை பார்த்த கம்பெனியிலேயே சொல்லி, கல்லை அரைத்து மாவாக்குகிற இடத்தில் சேர்த்துவிட்டார். அந்த நிழல் முழுக்க வெள்ளைத் தூசி பறந்தது. அப்போது தூசியை எவனும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. இன்றைக்கும் யாராவது பேச்செடுத்தால், "நெழல்ல வேல வாங்கிக் குடுத்தன்" என்று மட்டும் சொல்வார்.

மகனுக்கு இப்போது மூக்கில் எந்நேரமும் ஆக்சிஜன் குழாய். கட்டிலில் கிடந்தபடி போனில் ஒரே வீடியோதான் பார்ப்பான். யாரோ பையன்கள் கம்ப்யூட்டர் விளையாட்டில் நம்மூர் பஸ்ஸையே ஓட்டுகிறார்கள். அதே பெயிண்ட், அதே ஹாரன், ரோட்டோரத்தில் அதே புளியமரம். பார்க்கும்போது அவன் வலது கால் போர்வைக்குள் பிரேக்கை மிதிக்கும். எவனோ விற்ற, கம்ப்யூட்டரில் மாட்டுகிற பழைய ஸ்டியரிங் ஒன்றை வாங்கிக் கட்டிலோரப் பலகையில் முடுக்கியும் வைத்துவிட்டான். கம்ப்யூட்டர்தான் இல்லை. டாக்டர், "மழைக்காலம் தாண்டட்டும், பாக்கலாம்" என்றார். டாக்டர் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று சாமிதுரைக்குத் தெரியும். புரட்டாசி பாதி ஓடிவிட்டது. அவர் மாட்டை விற்றுவிட்டு இந்த மாடிப்படி ஏறியிருந்தார்.

ஹஸ்ஸான் மேசைமேல் ரெண்டு டப்பாவை வைத்தான்.

"இது வெல கம்மி. நாலு கோரு. ஆனா படம் காட்டற வேல இதுக்குத் தெரியாது. அதுக்குத் தனியா ஒரு கார்டு போடணும். இது கொஞ்சம் கூட. ஆறு கோரு. படம் காட்டறதும் இதுக்குள்ளயே இருக்குது."

"கோருன்னா?"

"ஆளு மாதிரின்னு வெச்சிக்குங்க. உள்ள ஆறு ஆளு வேல செய்யறான்."

"ஆறு ஆள வுட்டா நாலு ஆளு பீடி குடிச்சிக்கினு நிப்பான். நான் கம்பெனில பாக்காததா?"

"இதுல பீடி கெடையாது பெரியவரே."

"நீ உள்ள போயி பாத்தியா?"

ஹஸ்ஸான் தலையைச் சொறிந்தான். சாமிதுரை ரெண்டு டப்பாவையும் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். ரெண்டும் ஒரே மாதிரிதான் கனத்தன. உள்ளே காற்றைத்தான் வைத்து விற்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"எது கம்மியா கரன்ட்டு குடிக்கும், அதச் சொல்லு. வூட்டுல ஆக்சிஜன் மிஷினு ஓடுது. கரன்ட்டு போச்சின்னா அது இன்வெர்ட்டர்ல ஓடணும். இது போயி அதுங்கூட மல்லுக்கு நின்னா நான் எதப் புடுங்கிப் போடறது?"

"அப்படின்னா யோசிக்கவே வேணாம். கரன்ட்ட இழுக்கறது அந்தத் தனிக் கார்டுதான். கார்டே இல்லாம இந்த ஆறு கோர போட்டுடலாம். படம் ரொம்பப் பளபளன்னு வராது. ஆனா பஸ்ஸு நிக்காம ஓடும். பின்னாடி வேணும்னா கார்டு சேத்துக்கலாம்."

"பின்னாடிலாம் இல்ல பாய்."

பிறகு ஹஸ்ஸான், "அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாமே" என்று சொல்லி, சாமிதுரையின் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஆறு கோரா... உள்ளயே... படம் இருக்குதே... அதாப்பா?" என்றது செந்தமிழன் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மிஷின் இழுத்து விடுகிற சத்தம். "அதான். அதத்தான்... எல்லாரும் சொல்றான். அதையே... வாங்கு."

"எல்லாரும்னா எவன்டா?"

"வாங்குப்பா."

வாங்கினார். வாங்கின பிறகும் மனசு ஆறவில்லை. "இந்தத் துளியூண்டு சாமானுக்கா ஒரு மாடு? எதுல பண்ணான் இத, தங்கத்துலயா?"

"தங்கம் அடியில கொஞ்சூண்டு பூசியிருப்பான். மத்தபடி எல்லாம் மண்ணுதான்" என்றான் ஹஸ்ஸான், பில் போட்டுக்கொண்டே. "மணலு. அத உருக்கிச் சுத்தம் பண்ணி அதுல செதுக்கறாங்க."

"மண்ணா?"

அந்த ஒரு சொல்லில் சாமிதுரையின் முதுகு நிமிர்ந்தது. இவ்வளவு நேரம் தெரியாத ஊரில் வழி கேட்டு நின்றவர், திடீரென்று சொந்தத் தெருவுக்குள் வந்துவிட்ட மாதிரி ஆனார். வாழ்நாள் முழுக்கச் சூளையிலிருந்து இறங்குகிற பியூஸ் கேரியரைப் பொறுக்கிப் பிரித்தவர் அவர். கரன்ட்டுக்கான பீங்கான் அது. விரல் நகத்தால் சுண்டினால் கிண்ணென்று கேட்கணும், கேட்டால் நல்லது. டொப்பென்று கேட்டால் உள்ளே கீறல். சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் வைப்பார். வேகாத பீங்கான் நாக்கைப் பிடித்துக்கொள்ளும், வெந்தது வழுக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதே தவிர, மண்ணில் சுட்ட எதுவும் அவரை ஏமாற்ற முடியாது.

மெமரி என்கிற ஒரு சாமான் மட்டும் கடையில் இல்லை. பாண்டிச்சேரியிலிருந்து பஸ் பார்சலில் மறுநாள் காலை வரும், வந்ததும் எல்லாவற்றையும் பூட்டிக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றான் ஹஸ்ஸான். "எல்லாம் இங்கயே இருக்கட்டும். நாளைக்கு வாங்க."

"பொட்டி கிட்டி இருக்கட்டும். இது என்கூட வரும்." பிராசசர் டப்பாவை எடுத்து இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார் சாமிதுரை.

"எதுக்குப் பெரியவரே?"

"மோட்டார ரிப்பேருக்கு வுட்டன் ஒருதரம். உள்ள செம்புக் கம்பி. திரும்பி வந்தப்ப அலுமினியம். மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சி அந்தக் கடக்காரனுக்கும்."

ஹஸ்ஸானின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் படிவரை கூட வந்து சொன்னான். "சரி, எடுத்துக்கினு போங்க. ஒண்ணே ஒண்ணு. டப்பாவப் பிரிக்காதீங்க. அடியில பின்னு இருக்குது, தலமுடி மாதிரி. விரல் பட்டா வளைஞ்சிடும். அப்படியே கொண்டாந்து என் கைல குடுங்க."

"மண்ணப் பத்தி எனக்குச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

வீட்டில் செந்தமிழன் தலையணைக்கு மேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். டப்பாவைக் கையில் வாங்கினான். பிரிக்கவில்லை. ஓரத்தில் தெரிந்த சின்னக் கண்ணாடித் தாள் வழியாக உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மண்ணுல பண்ணதாம்டா இது. கடக்கார பாய் சொல்றான்" என்றார் சாமிதுரை.

மகனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அவனை மடக்கிப் போட்டது. மருமகள் துர்கா ஓடி வந்து முதுகைத் தடவினாள். ஜவுளிக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இருமல் அடங்கியதும் அவன் சொன்னான்: "அப்ப எதுக்குப்பா... காசு குடுத்து வாங்குன... எங்கிட்டயே இருக்குதே. ரெண்டு கிலோ தேறும்."

"வாய மூடுங்க" என்றாள் துர்கா.

"பாய்கிட்ட சொல்லு... எனக்கு அப்புறம்... தோண்டி எடுத்துக்கச் சொல்லு."

"மூடுங்கன்றன் இல்ல?"

அவன் மூடிக்கொண்டு, பலகையில் முடுக்கியிருந்த ஸ்டியரிங்கில் கை வைத்தான். லேசாக இடப்பக்கம் ஒடித்தான். "ராஜேந்திரபட்டினம் எறங்கறவங்கள்லாம்... முன்னாடி வாங்க" என்றான். துர்கா இறங்குகிறவள் மாதிரி கட்டிலை விட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். சாமிதுரை வேறு பக்கம் பார்த்தார்.

போகும்போது அவள் நின்று திரும்பினாள். "மாமா, அந்த டப்பா அவுரு கைலயே இருக்கட்டும். தலமாட்டுல வெச்சிக்குவாரு."

"தண்ணி சொம்பு பக்கத்துலயா? கரன்ட்டு சாமான் அது. உனக்கென்ன தெரியும்." வாங்கித் தன் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை மகனுக்கு மூச்சு இழுப்பு கொஞ்சம் அதிகம். துர்கா வேலைக்குப் போகவில்லை. அப்படியும் அவன் கட்டிலைப் பிளக் இருக்கிற சுவர்ப்பக்கம் நகர்த்தச் சொன்னான். நகர்த்தினார்கள். கம்ப்யூட்டர் வைக்க ஒரு மேசையைத் துடைத்துப் போடச் சொன்னான். போட்டார்கள். "மத்தியானத்துக்குள்ள... வந்துடுவ இல்லப்பா?" என்றான். தலைவாரிச் சட்டை மாட்டியிருந்தான். சட்டை காக்கி. டிரைவர் போடுகிற காக்கி. எங்கே வைத்திருந்தானோ, எத்தனை வருஷமாக வைத்திருந்தானோ.

"வந்துடுவன்" என்றார் சாமிதுரை. டப்பாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர், வாசல் பக்கம் போகாமல் கொல்லைப் பக்கம் போனார்.

துணி துவைக்கிற கல் பக்கத்தில் நின்று டப்பாவைப் பிரித்தார். தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தட்டிப் பார்க்காத சாமானை மகன் வீட்டில் ஏற்றுவதுதான் தப்பு. உள்ளே பிளாஸ்டிக் மூடி, அதற்குள் அது. பிஸ்கட்டில் பாதிகூட இல்லை. மேலே தகடு, கீழே நட்டு முடித்த கழனி மாதிரி வரிசை வரிசையாகப் பொன் நிற முள். ஒரு கண்ணில் புரை. இன்னொரு கண்ணில் பார்த்தவரைக்கும் எல்லாம் நேராக இருந்தது.

ஓரத்தை ரெண்டு விரலில் பிடித்து, காதோரம் வைத்து, நகத்தால் சுண்டினார். டொப்.

இன்னொரு தரம். டொப்.

அவர் முகம் மாறியது. பிடி சரியில்லையோ என்று மாற்றிப் பிடித்துச் சுண்டினார். கிண்ணென்று வரவே இல்லை. சரி, நாக்கில் பார்ப்போம் என்று நுனி நாக்கை முள் பக்கம் வைத்தார். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்றது. செப்புக்காசு ருசி. ஆனால் பிடிக்கவில்லை, ஒட்டவில்லை. அப்படியென்றால் வெந்திருக்கிறது. நாக்கு சரி என்கிறது, சத்தம் தப்பு என்கிறது. இப்படி ஒரு சாமானை அவர் பார்த்ததில்லை.

ஈரம் பட்ட இடத்தில் கரன்ட்டு போனால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தோளில் கிடந்த ரோஸ் கலர் டர்க்கித் துண்டை எடுத்து, பிள்ளைக்கு வாய் துடைத்து விடுகிற மாதிரி பதமாகத் துடைத்தார். துண்டு ஓர் இடத்தில் மாட்டியது. மெள்ள இழுத்தார், வந்துவிட்டது. மூடிக்குள் வைத்து, டப்பாவை மூடி, ஒட்டுத்தாளை எச்சில் தொட்டு ஒட்டி, வாசல் வழியாகப் போகாமல் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தார்.

கடையில் ஹஸ்ஸான் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தான். பார்சலும் வந்திருந்தது. டப்பாவை வாங்கியதும் ஒட்டுத்தாளைப் பார்த்தான். சாமிதுரையைப் பார்த்தான். பிரித்தான். சாமானை எடுத்துப் பலகையில் அதன் குழியில் வைத்தான். உட்காரவில்லை. எடுத்துத் திருப்பி வைத்தான். உட்காரவில்லை.

"என்னாச்சு?" என்றார் சாமிதுரை.

ஹஸ்ஸான் போன் கேமராவை அதன் அடியில் காட்டிப் பெரிதாக்கினான். திரையில் கழனி தெரிந்தது. ஓரத்தில் ஒரு வரிசை காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி படுத்துக் கிடந்தது. நடுவில் ரெண்டு முள்ளைச் சுற்றிக்கொண்டு ஒரு ரோஸ் நூல்.

ஹஸ்ஸான் சாமிதுரையின் தோளைப் பார்த்தான். அங்கே துண்டு கிடந்தது.

"பிரிச்சீங்களா?"

"பிரிக்காம? காசு குடுத்தவன் நான்."

"தொடச்சீங்களா?"

"நீ குடுத்தப்பவே அது சரியில்ல. சத்தம் டொப்புன்னு வந்துச்சி. அப்பவே நெனச்சன்."

"சத்தமா?" என்றான் ஹஸ்ஸான். அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் நேரமில்லை. சட்டை ஊசி ஒன்றை எடுத்து, முதலில் நூலை உருவினான். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்த முள்ளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். நெற்றி வேர்வை மேசையில் சொட்டியது. சாமிதுரை குனிந்து அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே மாற்றிவிடுவானோ என்று. வரிசை கிட்டத்தட்ட முழுக்க எழுந்துவிட்டது. கடைசிக்கு முந்தின முள்ளை ஊசி தொட்டபோது, கிண் என்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

நல்ல பீங்கானைச் சுண்டினால் வருகிற அதே சத்தம். முள் ஒடிந்து மேசையில் உருண்டது.

"போச்சு" என்றான் ஹஸ்ஸான். ஊசியைக் கீழே வைத்தான். "போச்சு பெரியவரே. கம்பெனிக்காரன் இத மாத்தித் தர மாட்டான்."

"நீதானே ஒடச்ச? என் கண்ணெதிர்ல ஒடச்ச."

"நான் நிமுத்தினேன். வளைச்சது யாரு?"

"நேத்தே வளைஞ்சதக் குடுத்துட்டு இன்னைக்கு எந் தலையில போடறியா? மூடி வெச்சிக் குடுத்தா எனக்கென்ன தெரியும் உள்ள என்னா இருந்துச்சின்னு?"

"உங்க துண்டு நூலு அது!"

"ரோசுல துண்டு நெய்யறது எனக்கு மட்டுமாடா? ஊரு பூரா ரோசு துண்டுதான்."

ஹஸ்ஸான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். பிறகு எழுந்து, அலமாரிக்கு அடியில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை இழுத்து, தூசியைத் தட்டினான். "கேளுங்க. இது என்னோட மிஷினு. இதுல இருக்கிறதும் இதே குழியில உக்காரும். நாலு கோருதான். ஆனா படம் காட்டறது உள்ளயே இருக்குது. பஸ்ஸு கொஞ்சம் முக்கி முக்கித்தான் ஓடும், ஓடும். இப்பவே கழட்டிப் பூட்டித் தரேன். அண்ணன் இன்னைக்கே வெளாடட்டும். காசப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"அதான பாத்தன்" என்றார் சாமிதுரை. "புதுசுக்குக் காசு வாங்கிட்டு, பழசத் தலையில கட்டறதுக்குத்தான இவ்ளோ வேல?"

"சத்தியமா சொல்றேன்..."

"சத்தியம் பண்றவன நான் நம்பறதில்ல."

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரையும் அமுக்கிவிட்டார், அணைக்க அவருக்குத் தெரியாது. மிஷின் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு மகன்.

"ஓடிச்சாப்பா?"

"ஏமாத்திட்டான்டா. கெட்டுப்போன சாமானக் குடுத்திருக்கான். பூட்ட முடியல."

அந்தப் பக்கம் இழுத்து விட்டது, இழுத்து விட்டது.

"தட்டிப் பாத்தியாப்பா?"

சாமிதுரை துண்டை இழுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"நாக்குல... வெச்சியா?"

ஹஸ்ஸான் மேசைக்கு அந்தப் பக்கம் தலையைத் தூக்கினான். இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. போனுக்குக் கேட்கும்படி கத்தினான்: "அண்ணே! எங்கிட்ட பழசு ஒண்ணு இருக்குது! நாலு கோரு! ஓடும்ணே! ஐயாவ வாங்கிக்கினு வரச் சொல்லுங்க!"

"வாங்கிக்கப்பா" என்றது குரல். அவசரத்தில் அவனுக்கு மூச்சு தட்டுக்கெட்டுப் போனது. "பழசுன்னா... என்னா? நானே... பழசு. முக்கிக்கினு... ஓடனா போதும். வாங்கிக்கினு... வாப்பா."

"வேணாம்டா. உன்ன ஏமாத்தறாங்க."

"அப்பா..."

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் சாமிதுரை.

சொன்ன பிறகு அவர் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. அந்தப் பக்கம் மிஷின் மட்டும் இழுத்தது, விட்டது. தூரத்தில் துர்கா, "என்னாங்க சொன்னாரு மாமா?" என்று கேட்பது கேட்டது. அவன் பதில் சொல்வது கேட்கவில்லை. போன் அணைந்துவிட்டது.

"பெரியவரே, அஞ்சு நிமிஷம்" என்றான் ஹஸ்ஸான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பழைய கம்ப்யூட்டரைத் திறக்கவே ஆரம்பித்துவிட்டான். "நீங்க எதுவும் தர வேணாம். உக்காருங்க. இத்தக் கழட்டி..."

சாமிதுரை மேசைமேல் கிடந்த ஒடிந்த சாமானை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். உருண்டு கிடந்த முள்ளையும் தேடினார். அகப்படவில்லை. "என் காசுக்குப் பதிலு நீ சொல்லித்தான் ஆவணும். நாலு பேரக் கூட்டியாந்து கேக்கறன் இரு" என்றார். அவர் கூட்டிக்கொண்டு வர நாலு பேர் இல்லை என்பது அவருக்கே தெரியும். படியிறங்கினார்.

"பெரியவரே! அவருக்காக வாங்கிக்கினு போங்க!" மேலேயிருந்து ஹஸ்ஸான் கைப்பிடிச் சுவரில் குனிந்து கத்தினான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றின சாமானைக் கையில் பிடித்திருந்தான். அது பளிச்சென்று வெயிலில் ஒரு தரம் மின்னியது. சாமிதுரை அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டார்.

ஜங்ஷன் ரோட்டில் வெயில் காந்தியது. ஆட்டோக்காரன் ஒருத்தன் நிறுத்தி, "ஏறு பெருசு" என்றான். ஏறவில்லை. மெடிக்கல் கடைக்காரனும் டீக்கடைக்காரனும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது. சிரிக்கட்டும். இப்போதெல்லாம் ஏமாந்தவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறான், ஏமாற்றினவனைப் பார்த்து எவனும் சிரிப்பதில்லை.

வீட்டுக்குப் போகிற சந்து வந்தது. அதற்குள் போனால் நாலாவது வீடு. அங்கே சுவரோரம் நகர்த்திப் போட்ட கட்டில். துடைத்து வைத்த மேசை. காக்கிச் சட்டை. சந்து முனையில் கொஞ்சம் நின்றார். மடியிலிருந்து அந்தச் சாமானை எடுத்து, ஓரத்தை ரெண்டு விரலில் பிடித்து, காதோரம் வைத்துச் சுண்டினார். அதே நேரம் பார்த்து ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி ஒன்று கூவிக்கொண்டு கிளம்பியது. ஒன்றும் கேட்கவில்லை. வண்டி முழுக்கப் போகிறவரை காத்திருந்து இன்னொரு தரம் சுண்டினார்.

டொப்.

கடையில் போன் திரையில் காட்டியபோது ரோஸ் நூல் அவர் கண்ணுக்கும் தெரியத்தான் தெரிந்தது. அந்த அளவுக்கு மங்கிவிடவில்லை. இருக்கட்டும். நூலாகவே இருக்கட்டும், அவர் துண்டு நூலாகவே இருக்கட்டும். பிள்ளை வாய் துடைக்கிற பதத்தில் துடைத்த ஒரு துண்டுக்குத் தாங்காத சாமான், அத்தனை ஜனத்தை ஏற்றிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் போகுமா? போகிற வழியில் நின்றிருக்கும். நடு ரோட்டில் பிள்ளையை இறக்கி விட்டிருக்கும்.

கெட்ட சாமான்தான் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு, சந்துக்குள் திரும்பாமல், நேராக நடந்தார்.